கல்லாவில் உட்காருவோர் கவனத்திற்கு: நாற்காலியை அளந்து வாங்குவோம்

கடைக்குப் புதிதாக ஒரு தராசு வாங்குவதென்றால் நாம் எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! எத்தனை கிலோ தாங்கும், எத்தனை கிராம் வித்தியாசம் காட்டும், முத்திரை போட்டிருக்கிறதா, பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள் என்று பத்துக் கேள்வி கேட்ட பிறகுதான் பணத்தை எடுக்கிறோம். அதே கடையில் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை உட்காரும் நாற்காலி எப்படி வந்தது என்று விசாரித்தால், பெரும்பாலான கடைகளில் சரியான பதில் கிடைக்காது. வீட்டில் கைப்பிடி உடைந்ததால் கடைக்கு வந்தது, முன்பு கடை வைத்திருந்தவர் விட்டுவிட்டுப் போனது, கம்பெனிக்காரர் பரிசாகக் கொடுத்தது என்று ஏதாவது ஒரு கதை இருக்கும்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். நாற்காலியும் தராசைப் போல ஒரு தொழில் கருவி. அதைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது, அளந்து வாங்க வேண்டும். நாற்காலியை மட்டும் அளந்தால் போதாது. அதில் உட்காருபவரின் உடம்பையும், அவர் முன்னால் இருக்கும் மேசையையும் சேர்த்து அளக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் முதுகு தாங்கும். சிறு வியாபாரியின் கடையில் ஆள் ஒருவர், கல்லா ஒன்று. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால் அன்றைக்குக் கடைக் கதவு திறக்காது.

வேலை மாறியது, இருக்கை மாறவில்லை

மதுரை கீழமாசி வீதி போன்ற மொத்த வியாபாரத் தெருக்களில் முன்பெல்லாம் மண்டி என்றால் தரையில்தான் வியாபாரம். ஜமுக்காளம் விரித்து, முதுகுக்குத் திண்டு போட்டு, முன்னால் சரிவான மூடியுள்ள கணக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். ஒரு காலை மடிப்பார், சற்று நேரத்தில் மறு காலை மடிப்பார், திண்டில் சாய்வார், மறுபடி நிமிர்வார். முதலாளியோ ஓரிடத்தில் இருக்க மாட்டார். பருப்பு மூடை வந்தால் எழுந்து போய்க் கையில் அள்ளிப் பார்ப்பார். தரகர் வந்தால் வாசல் வரை போவார். உட்கார்ந்த நேரமும் எழுந்த நேரமும் கலந்தே இருந்தன.

இன்றைய நிலை வேறு. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாகப் பதிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கும்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்க நேரமில்லை. சரக்கு மாதிரியும் போட்டோவாகச் செல்போனில் வந்துவிடுகிறது. ஆர்டரும் அதிலேயே. ஆக, உட்காரும் நேரம் பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் உட்காரும் இடம் மட்டும் பல கடைகளில் பழைய ஸ்டூலாகவே இருக்கிறது.

முதுகில் நடப்பது என்ன?

காரணம் தெரிந்தால்தான் நாற்காலியில் எதைப் பார்க்க வேண்டும் என்பது புரியும்.

கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5. எலும்புகளுக்கு இடையே மெத்தென்ற வட்டுகள் உள்ளன. இயந்திரத்தில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே வாஷர் போடுகிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். நாம் நிமிர்ந்து நிற்கும்போது கீழ்முதுகு உட்பக்கமாகச் சற்று வளைந்திருக்கும். அதுதான் அதன் இயற்கையான அமைப்பு. முதுகுக்குப் பிடிமானம் இல்லாத ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தால் அந்த வளைவு தட்டையாகிவிடும். வட்டின் முன்பக்கம் நசுங்கும், பின்பக்கத் தசைகளும் நார்களும் இழுபடும். மூடையைச் சாய்வாக அடுக்கினால் அடிமூடை ஒரு பக்கமாகப் பிதுங்குவதை நாம் பார்த்ததில்லையா?

சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது, நிற்பதைவிட அழுத்தம் அதிகம் என்று அவர் கண்டார். பின்னர் 1999ல் ஜெர்மனியில் வில்கே என்பவரின் குழு ஒரு தன்னார்வலரிடம் இதே போல அளந்து வெளியிட்டது. தளர்வாக, பின்னால் சாய்ந்து உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடக் குறைந்தது, முன்னால் குனியும்போது மிகவும் கூடியது என்று அதில் தெரிந்தது. உட்காருவதே கெடுதல் என்ற முடிவுக்கு அறிஞர்கள் இன்று வருவதில்லை. ஆனால் வியாபாரிக்குத் தேவையான பாடம் இரண்டு அளவிலும் ஒன்றேதான். முன்னால் குனிந்து உட்காருவது முதுகுக்குப் பாரம், சாய்மானத்தில் பொருந்தி உட்காருவது முதுகுக்கு ஓய்வு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் சத்து உள்ளே ஊறிச் செல்கிறது. ஆகவே எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அசையாமல் உட்கார்ந்தால் பயனில்லை. இதைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

அளக்கும் முறை

கடையில் இருக்கும் அங்குல டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு ஒருவர், உட்காருவதற்கு ஒருவர் வேண்டும். கடையில் போடும் செருப்போடு உட்கார்ந்தே அளக்க வேண்டும்.

முதல் அளவு: பாதம் தரையில் படிய உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை. இரண்டாவது: உட்காரும் பலகையிலிருந்து, தொங்கவிட்டு மடக்கிய முழங்கை வரை. மூன்றாவது: முதுகின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை. நான்காவது: தொடையின் கனம். ஐந்தாவது: மேசையின் உயரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 அடி 5 அங்குல உயரமுள்ள ஒருவருக்கு முதல் அளவு 16½ அங்குலம், இரண்டாவது 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 25½ அங்குலம். அவர் பாதம் தரையில் பட உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து 25½ அங்குலத்தில் இருக்கும். தட்டெழுதும் பலகையும் எழுதும் ஏடும் ஏறக்குறைய அந்த உயரத்தில் இருப்பதுதான் நல்லது. ஆனால் சாதாரணமாக நமக்குக் கிடைக்கும் மேசையின் உயரம் 30 அங்குலம். வித்தியாசம் 4½ அங்குலம்! இந்த வித்தியாசத்தை அவருடைய தோள்கள் தினமும் தூக்கிச் சுமக்கின்றன. சாயங்காலம் கழுத்தும் தோளும் கனக்கிறது என்று அவர் தைலம் தடவுவது இதனால்தான்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, நாற்காலியை 4½ அங்குலம் உயர்த்தி 21 அங்குலத்தில் வைத்து, காலுக்கு அதே 4½ அங்குல உயரத்தில் பலகை போடுவது. பலகை போடாமல் நாற்காலியை மட்டும் உயர்த்தினால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும்.

இரண்டு, மேசையின் காலைத் தச்சரிடம் சொல்லி அறுப்பது. 2 அங்குலம் அறுத்தால் மேசை 28 ஆகும். நாற்காலியை 19ல் வைத்து, 2½ அங்குலப் பலகை போட்டால் கணக்கு நேராகிவிடும்.

மூன்று, மேசைக்கு அடியில் தட்டெழுதும் பலகைக்கு இழுக்கும் தட்டு ஒன்று பொருத்துவது. கம்ப்யூட்டர் வேலை மட்டும் செய்பவருக்கு இது சுலபம். ஏட்டிலும் எழுதுபவருக்கு இது போதாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நம் மேசைகளில் பணப்பெட்டி இழுப்பறை நடுவில், உட்காருபவரின் தொடைக்கு நேர் மேலே இருக்கும். 28 அங்குல மேசையில் 4 அங்குல இழுப்பறை இருந்தால் அதன் அடி 24 அங்குலத்தில் இருக்கும். நாற்காலி 19, தொடையின் கனம் 5½, ஆக 24½. தொடை இடிக்கிறது! இடிப்பதால் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார். பின்னால் தள்ளியதால் முன்னால் குனிவார். முதுகு வலிக்கு நாற்காலியைக் குறை சொல்வோம், குற்றவாளி இழுப்பறையாக இருக்கும். பணப்பெட்டியை மேசையின் வலப் பக்கத்துக்கு மாற்றினால் கால் நுழைய இடம் கிடைக்கும்.

நாற்காலியில் பார்க்க வேண்டியவை

உயரம்: தேவைக்கு ஏற்றி இறக்கும்படி இருக்க வேண்டும். கல்லாவில் காலையில் அப்பா, மாலையில் மகன், இடையில் கணக்குப்பிள்ளை என்று ஆள் மாறும் கடைகளுக்கு இது கட்டாயம். ஏற்றி இறக்கும் குழாயைக் கடைகளில் ஹைட்ராலிக் என்று சொல்வார்கள். உள்ளே இருப்பது எண்ணெயைவிட முக்கியமாக அழுத்தப்பட்ட வாயு. வாங்கும்போது முழு எடையோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தானாகக் கீழே இறங்கினால் அந்த நாற்காலி வேண்டாம்.

இருக்கையின் ஆழம்: முதுகு சாய்மானத்தில் பட உட்கார்ந்தால், இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அகலமும் ஆழமுமாக, தோல் மாதிரி ரெக்சின் போட்டு, தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் பெரிய முதலாளி நாற்காலிகள் பலருக்கு ஒத்துக்கொள்ளாததன் காரணம் இதுதான். குள்ளமான ஒருவர் அதில் முதுகைச் சாய்த்தால் கால் தொங்கும். காலை ஊன்றினால் முதுகு சாய்மானத்தைத் தொடாது. பெரிய நாற்காலியில் உட்கார்ந்தும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தவரைப் போலவே இருப்பார்.

சாய்மானம்: கீழ்முதுகின் வளைவைத் தாங்கும் புடைப்பு, இடுப்புப் பட்டைக்குச் சற்று மேலே வர வேண்டும். அது ஏற்றி இறக்கும்படி இருந்தால் மிக நல்லது. நேர் செங்குத்தாக இல்லாமல் சற்றே பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும். சாயும்போது கூடவே சாய்ந்து, நிமிரும்போது கூடவே நிமிரும் அமைப்பு இருந்தால் முதுகு ஒரே நிலையில் இறுகாது.

கைப்பிடி: முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் நுழையாத கைப்பிடி உங்களை மேசையிலிருந்து தள்ளி வைத்துவிடும். அப்படிப்பட்ட கைப்பிடி இல்லாமல் இருப்பதே மேல்.

அடிப்பாகம்: சுழலும் நாற்காலிக்கு ஐந்து கால் இருக்க வேண்டும். நான்கு கால் சுழல் நாற்காலி பக்கவாட்டில் கவிழக்கூடும். டைல்ஸ், மொசைக் தரைக்கு ரப்பர் போன்ற மெதுவான சக்கரம் ஏற்றது. வழவழப்பான கெட்டிச் சக்கரம் எழும்போது நழுவும். மளிகைக் கடைத் தரையில் சிந்திய உளுந்தும் கடுகும் சக்கரத்துக்குள் போய் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை திருப்பிப் போட்டுத் துடைக்க வேண்டும்.

துணி: நம் ஊர் வெயிலுக்கு ரெக்சின் வேர்க்கும். வலை போன்ற முதுகுப்புறம் காற்றோட்டம் தரும். மிளகாய் வற்றல், மாவு வியாபாரம் செய்பவர்கள், தூசி தட்டிக் கழுவக்கூடிய துணியாகப் பாருங்கள். ஸ்பாஞ்ச் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழ வேண்டும். அடிப்பலகை கட்டை விரலுக்குத் தட்டுப்பட்டால் ஆறு மாதத்தில் அது பலகையாகிவிடும். கிட்டங்கியில் போடும் நாற்காலிக்கு ஸ்பாஞ்சே வேண்டாம், எலி விடாது. ஒயர் பின்னியதோ பிரம்பு பின்னியதோ போதும்.

தரம்: வேலை நாற்காலிகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ல் ஐ.எஸ். 17631 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. வாங்கும் இடத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண் போட்டு பில் வாங்கினால், வியாபார உபயோகத்துக்கான நாற்காலிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

விலையைப் பற்றித் தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. நாற்காலி 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் உழைக்கிறது. வருடத்துக்கு 300 நாள் கடை என்றால் 1,500 நாள். ஒரு நாளைக்கு 6 ரூபாய். ஒரு டீயின் விலைகூட இல்லை.

யாருக்கு எது?

நின்றுகொண்டு வாங்கும் வாடிக்கையாளருக்குச் சில்லறை வியாபாரம் செய்யும் கல்லாவுக்கு உயரமான ஸ்டூல் நல்லது. மேடை 38 முதல் 40 அங்குலம் என்றால் ஸ்டூல் 28 முதல் 30 அங்குலம் இருக்கலாம். கால் வைக்க வளையமோ குறுக்குச் சட்டமோ அவசியம். இருக்கைக்குக் கீழே 16, 17 அங்குலத்தில் அது வர வேண்டும். சிறியதாக ஒரு முதுகுப் பலகையும் இருக்கட்டும். உயரமான ஸ்டூலுக்குச் சக்கரம் கூடாது. எழுந்தாலும் உட்கார்ந்தாலும் கை அதிகம் ஏறி இறங்க வேண்டியதில்லை என்பதால் இதில் உட்காருபவர் அடிக்கடி எழுவார். அதுவே பெரிய லாபம்.

கணக்கு எழுதுபவருக்கும் கம்ப்யூட்டர் பார்ப்பவருக்கும் மேலே சொன்ன எல்லாம் பொருந்திய சுழல் நாற்காலி வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ, கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் மோவாயைத் தூக்கிப் பார்ப்பதால் கழுத்து வலிக்கும். அவர்களுக்குத் திரையை இன்னும் தாழ்த்துங்கள். லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் அதை நான்கு பழைய பேரேட்டின் மேல் உயர்த்தி வைத்து, தனியாகத் தட்டெழுதும் பலகை வாங்கி இணைத்துக்கொள்ளலாம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஆர்டர் எழுதும் வழக்கம் கழுத்துக்கு ஆகாது. காதில் மாட்டும் போன் கருவி ஒன்று போதும்.

பருப்பு புடைப்பவர்களும் மிளகாய் காம்பு கிள்ளுபவர்களும் பெரும்பாலும் தரையில் உட்காருகிறார்கள். பழகிய உடம்புக்குத் தரை கெடுதல் இல்லை. ஆனால் முழங்கால் தேய்ந்த வயதானவர்களுக்கு எழுந்து உட்காருவதே தண்டனை. பாக்கெட் போடும் வேலையை இடுப்பு உயர மேசைக்கு மாற்றி ஸ்டூல் போட்டுக் கொடுத்தால் வேலையும் சுத்தமாக நடக்கும்.

இப்போதைக்குப் புது நாற்காலி வாங்க இயலாதவர்கள் என்ன செய்வது? இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே ஒரு துண்டை இறுகச் சுருட்டிக் கீழ்முதுகுக்குப் பின்னால் கட்டுங்கள். இரண்டு செங்கல் மேல் பலகை போட்டால் காலுக்குப் பீடம் ஆயிற்று. உயரம் போதவில்லை என்றால் கெட்டியான தேங்காய் நார் மெத்தை ஒன்று போடுங்கள். பேன்ட் அணிபவர்கள் பின்பையில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயும், தொடை நரம்பும் அழுந்தும். இவை எதற்கும் பெரிய செலவில்லை.

ஊழியர் உட்காரவும் இடம்

நம் மண்டியில் 26 வருடம் கணக்கு எழுதியிருந்தவர் 2019 மார்ச்சில் இடுப்பு வலி வந்து மூன்று வாரம் படுத்துவிட்டார். வருடக் கணக்கு முடிக்கும் மாதம். யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது பேரேட்டில் இருந்தது. யாரிடம் எப்போது எப்படிக் கேட்டால் வரும் என்பது அவர் தலைக்குள் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் வசூலுக்குப் போன பையன்கள் வெறுங்கையோடு திரும்பிய நாட்களே அதிகம்.

நாற்காலியால்தான் அவருக்கு வலி வந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். வயது உண்டு, இளம் வயதில் மூடை தூக்கிய உடம்பு. ஆனால் திரும்பி வந்தவரை உட்கார வைத்து டேப் பிடித்தபோது, மேசை அவர் முழங்கையைவிட 5 அங்குலம் உயரத்தில் இருந்தது. நல்லதாக ஒரு நாற்காலி வாங்கலாம் என்றதற்கு அவர் சொன்னார்: "அண்ணாச்சி, நாற்காலி பிறகு பார்க்கலாம். முதலில் மேசைக் காலை அறுக்கச் சொல்லுங்க." தச்சர் வந்தார், 2½ அங்குலம் அறுத்தார், பணப்பெட்டியை வலப் பக்கம் மாற்றினார். அரை நாள் வேலை. நாற்காலி அடுத்த மாதம்தான் வந்தது. அவர் இன்றும் கணக்கு எழுதுகிறார். வலி முற்றிலும் போகவில்லை, ஆனால் லீவு எடுப்பதில்லை.

முதலாளிக்கு நாற்காலி இருக்கிறது, கணக்குப்பிள்ளைக்கும் இருக்கிறது. சரக்கு எடுத்துக் கொடுக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் இருக்கிறதா? ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு, சோம்பேறித்தனம் வந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. ஆனால் 12 மணி நேரம் நின்ற கால் சாயங்காலம் வீங்கும், நரம்பு புடைக்கும். வியாபாரம் சூடாக இருக்கும் 7 மணிக்கு அந்தப் பையன் எடையில் தவறுவதும் சரக்கை மாற்றிக் கொடுப்பதும் அசதியால்தான் என்பதை நாம் யோசிப்பதில்லை.

இது புதிய பேச்சும் அல்ல. பிரிட்டனில் 1899லேயே, பெண் ஊழியர் மூவருக்கு ஓர் இருக்கையாவது கடையில் போட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் பக்கத்தில் கேரளா 2018ல் இதைச் சட்டமாக்கியது. அங்கே கடைகளில் வேலை செய்த பெண்கள் பல வருடம் போராடியதன் பலன் அது. தமிழ்நாட்டில் 1947ஆம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் திருத்தம் கொண்டுவந்து 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு இடையே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆய்வாளர் வருவார் என்பதற்காக ஒரு ஸ்டூலை வாங்கி அதன்மேல் சோப்புப் பெட்டியை அடுக்கி வைப்பதில் பயனில்லை. ஸ்டூல் ஊழியர் நிற்கும் இடத்துக்குப் பின்னாலேயே, சரக்கு வைக்காமல் காலியாக இருக்க வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் "உட்காருப்பா" என்று முதலாளியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சட்டம் இருக்கையைத்தான் கொடுக்கும், அந்த வார்த்தையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

எழுந்திருப்பதும் பாடத்தில் சேர்ந்ததே

வட்டுக்குச் சத்து போக அசைவு வேண்டும் என்று முன்பே பார்த்தோம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து ஒரு நிமிடம் நின்றாலும் போதும். கடைக்காரருக்கு இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை, சில ஏற்பாடுகள் போதும். தண்ணீர்ப் பானையை எட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். மணிக்கு ஒரு முறை கிட்டங்கிக்குள் ஒரு நடை நடந்து இருப்பைப் பாருங்கள். அதனால் இருப்பும் சரியாக இருக்கும். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் சற்று வேகமான நடை போன்ற உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கடை திறக்கும் முன் வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நடந்தால் கணக்கு சரியாகிவிடும்.

சில வலிகளுக்கு நாற்காலி மருந்தாகாது. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, காலில் மரமரப்பு இருந்தாலோ, சில வாரமாகியும் குறையாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். கால் பலமிழந்து பாதம் தூக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

கையில் கொண்டுபோக ஒரு சீட்டு

நாற்காலி வாங்கப் போகும்போது கீழ்க்கண்டவற்றை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எத்தனை அங்குலம்?
2. இருக்கையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம்?
3. முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எத்தனை அங்குலம்? இருக்கையின் ஆழம் இதைவிட ஒன்றரை, இரண்டு அங்குலம் குறைவாக இருக்கிறதா?
4. மேசை எத்தனை அங்குலம்? இழுப்பறையின் அடி தரையிலிருந்து எத்தனை அங்குலம்? தொடையின் கனம் எத்தனை அங்குலம்?
5. கீழ்முதுகுப் புடைப்பு சரியான இடத்தில் படுகிறதா?
6. ஐந்து கால், தரைக்கு ஏற்ற சக்கரம், பில், உத்தரவாதம் உண்டா?
7. உட்காரப் போகிறவர் நேரில் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாரா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். முதலாளி போய் முதலாளி அளவுக்கு வாங்கி வந்த நாற்காலி கணக்குப்பிள்ளைக்குப் பொருந்தாது. அவரையும் கூட அழைத்துப் போங்கள். அதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு டேப்பை எடுத்து மேசையை ஒரு முறை அளந்து பாருங்கள். பல கடைகளில் நாற்காலி வாங்கும் தேவையே வராது, தச்சரைக் கூப்பிட்டாலே போதும்.